விடாத சத்தம்

நியூ வேவ் என்ற மேல்நாட்டு இசையைப் பாடும் பெலிக்ஸின் அறையில் ஒரு கிடாரும் கரண்டில் பாடும் கட்டை வாத்தியமான ஒரு சிந்தசைசரும் இருந்தன. இரண்டுக்கும் ஒத்தே போகாது.

“உன்னை மீட்டின உடனே உன் சத்தம் தேஞ்சு போயிடுது. நான் அப்படியில்ல. பெலிக்ஸ் கட்டையை அமுக்கினா, விடுற வரைக்கும் பாடுவேன்” என்று சிந்தசைசர் அடிக்கடி சொல்லும். சுவரில் தொங்கும் கிடார் கேட்டுக்கொள்ளும்.

ஒரு மத்தியானம் தனியாக வாசித்துக்கொண்டிருந்த பெலிக்ஸ், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கட்டைகள் மேல் சாய்ந்தான். அவன் கன்னம் அமுக்கிய கட்டைகளெல்லாம் சேர்ந்து அலறத் தொடங்கின.

கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். “தம்பி, கொஞ்சம் குறைச்சு வைங்க. குழந்தை தூங்குது.”

பெலிக்ஸின் உதடு அசைந்தது.

“நிறுத்து” என்றது கிடார். “பெலிக்ஸ் கூப்பிடுறார். உன் சத்தத்துல வெளியே கேக்கலை.”

“அவர் இன்னும் கட்டையை விடலையே” என்றது சிந்தசைசர்.

“மரியாதை தெரியாத பையன்” என்று முணுமுணுத்தபடி கீழ்வீட்டுக்காரர் படியிறங்கிப் போனார்.

சாயங்காலம் கரண்ட் போனது. அப்போதுதான் சத்தம் நின்றது. கிடார் காதைக் கொடுத்துக் கேட்டது. அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.