ஓட்டை கண்டுபிடித்தால் வேலை

"லேப்பை விட்டுட்டு இங்க எதுக்கும்மா வர்றே? எலி கடிச்சிருச்சா?"

தைபேயின் காப்புரிமை வக்கீல் லியாவ் கேட்டுவிட்டு, எதிரே இருந்த ஷூயுன் நீட்டிய பயோடேட்டாவைப் படிக்காமலே அதன்மேல் டீக்கோப்பையை வைத்தார். மனுஷருக்கு மனசே சரியில்லை. எதிர்த்தரப்பின் கல்லீரல் மருந்துக் காப்புரிமையை ரத்து செய்ய வைத்தே தீருவேன் என்று தன் கட்சிக்காரரான ஒரு பெரிய கம்பெனியிடம் சவால் விட்டிருந்தார். அடுத்த வாரம் விசாரணை. கையில் ஒரு துரும்புகூட இல்லை. தோற்றால் அந்தக் கம்பெனி வேறு வக்கீலிடம் போய்விடும்.

"எலி கடிக்கல சார். ஆராய்ச்சி போதும்னு தோணிச்சு."

"மிஷின் மக்கர் பண்ணக் கூடாதுன்னு அது மேல பச்சைக் கலர் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டை வெச்சுக் கும்பிடுற கூட்டம் நீங்க. உங்களுக்குச் சட்டம் ஏறுமா?" என்றபடி அந்தக் காப்புரிமை ஆவணத்தையே அவள்முன் தள்ளினார். "இதுல ஒரு ஓட்டை கண்டுபிடி, நாளைக்கே வேலை. டாக்டர் பட்டம் வாங்கின என் ஆளுங்க ரெண்டு வருஷமா தலையைப் பிச்சுக்கிட்டிருக்காங்க."

ஷூயுன் முதல் பக்கத்தைப் பார்த்தாள். மூடி வைத்தாள்.

லியாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "அவ்வளவுதானா? உள்ள எண்பது பக்கம் இருக்கு!"

"உள்ள எல்லாம் சரியா இருக்கும் சார். அந்த ஆராய்ச்சியில குறையே சொல்ல முடியாது."

"அப்ப கிளம்பு. என் நேரத்தை வீணாக்காதே."

"கண்டுபிடிச்சவங்கன்னு பேராசிரியர் பேரையும் அவர் மச்சான் பேரையும் போட்டிருக்காங்க. அந்த யோசனையைச் சொல்லி, சோதனை பண்ணிக் காட்டின மாணவர் பேரை விட்டுட்டாங்க. அவரைச் சேர்க்காம வாங்கின காப்புரிமை செல்லாதுதானே சார்?"

லியாவ் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த கணமே தொய்ந்துபோனார்.

"செல்லாதுதான். ஆனா அதை நான் கேட்க முடியாதும்மா, ஏமாந்த ஆளே வந்து மனு போடணும். சொந்தப் பேராசிரியரை எதிர்த்து இந்த ஊர்ல எந்த மாணவன் வாய் திறப்பான்? அப்படியே துணிஞ்சாலும், ஒரு வாரத்துல நான் அவனை எங்கே போய்த் தேடுவேன்?" அவருக்கு அழுகையே வரும்போலிருந்தது.

"எங்கேயும் தேட வேண்டாம் சார்" என்றாள் ஷூயுன். "உங்க எதிர்லதான் உட்கார்ந்திருக்கேன்."