மண்சரிவுப் பட்டியல்

தோட்டத் தலைவர் கஸ்பர், குழந்தைகளைப் பகலில் விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவின் வாசலை இரண்டு கைகளாலும் மறித்து நின்றார். வெளியே மூன்றாம் நாள் மழை. அக்கரப்பத்தனைப் பாதை உடைந்திருந்தது. போன் வேலை செய்யவில்லை.

"ஒங்க பேச்சக் கேட்டு, அடுப்புச் சோத்தக்கூட எறக்காம வந்தோம். லயத்துக்குப் போக விடுங்க, தலைவரே" என்றாள் அந்தோனியம்மா. அவளுக்குப் பின்னால் ஏழாம் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் நாற்பது பேர், தொட்டில்களுக்கு நடுவே.

"போனா மண்ணுக்குள்ளதான் போவீங்க. டீச்சர் பாத்துச் சொல்லட்டும்."

தோட்டத்தில் எங்கெங்கே மண் சரியும் என்று இருபது வருடத்துக்கு முன் அளந்து எழுதிய சீடி, ஆபீஸ் அலுமாரியில் கிடைத்திருந்தது. ஷெரோமி டீச்சரின் மடிக்கணினி அதிலிருந்த பட்டியலை நான்கு முறை திறக்க மறுத்தது. ஐந்தாம் முறை திறந்தது. திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்.

"கெட்டுப்போச்சா?" கஸ்பர் வாசலிலிருந்தே கேட்டார்.

"இல்லங்க. பழைய தமிழ் எழுத்துரு. இந்தக் கம்ப்யூட்டர்ல அது இல்ல. ஆனா நான் டைப்பிங் படிச்சதே அதுலதான்."

ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் உரிய விசையில் விரல் வைத்து, அதற்கான தமிழ் எழுத்தை நினைவுபடுத்தித் தாளில் எழுதினாள்.

"ஏழாம் லயம் பாறை மேல் உள்ளது. ஆபத்தில்லை" என்று வாசித்தாள்.

"கேட்டுக்கிட்டீங்களா, தலைவரே?" அந்தோனியம்மா சிரித்தாள்.

கஸ்பர் கையை எடுக்கவில்லை. "அப்ப எதுதான் சரியும்?"

ஷெரோமி அடுத்த வரியை எழுதி முடித்தாள். வாசிக்காமல், தொட்டில்களுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

"பிள்ளைக் காம்பரா."

கஸ்பர் கைகளை எடுத்தார்.

"லயத்துக்கு ஓடுங்க!"