வயிற்றின் மேல் எலுமிச்சை

சாப்பிட்டதும் ஜெசிந்தா தலையணையில் சாய்ந்து, தன் ஏழு மாத வயிற்றின் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொள்வாள். நரம்பை உடம்பே அரித்துத் தின்னும் நோய் அவளுக்கு. அதற்குப் போட்டுவந்த ஊசியைப் பிள்ளை உண்டானதும் தானாகவே நிறுத்தியிருந்தாள். பாதத்தில் தொடங்கிய மரமரப்பு இப்போது மார்புவரை ஏறிவிட்டது. பிள்ளை உதைப்பது அவளுக்குத் தெரிவதில்லை; பழம் துள்ளினால்தான் உண்டு. “முழங்காலத் தாண்டிச்சுன்னா அன்னிக்கே வந்துடணும், மருந்து கொடுத்தாகணும்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் போகவில்லை. மருந்து பிள்ளையைத் தொட்டுவிடுமோ என்ற பயம். கணவனிடமும் மூச்சு விடவில்லை.

“இன்னிக்கு எத்தன தடவ உதச்சான்?” அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அருள்தாஸ் கேட்டான்.

“எண்ணிட்டிருக்கேன்.”

நேற்று இந்நேரத்துக்குள் பழம் எட்டு முறை துள்ளியிருந்தது. இன்று அரைமணி நேரமாக மெல்ல ஏறுகிறது, மெல்ல இறங்குகிறது. அது அவளுடைய மூச்சு. அதை அடக்கிப் பார்த்தாள். பழம் அப்படியே நின்றது.

குழாய்ச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு அவன் அறை வாசலுக்கு வந்தான்.

“ஜெசி?”

அவள் பழத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதில் சொன்னால் அது அசைந்துவிடும்.