அலுமினியச் சக்கரம்

நாலு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் கழற்றச் சொன்ன ஆளைப் பவுல்ராஜ் தன் தொழிலில் அன்றுதான் பார்த்தான்.

ஒன்றைக் கழற்றினால் அந்த இடத்தில் வேறொன்றை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் வழக்கம். மலைச்சாமி ஒப்புக்கொள்ளவில்லை.

"மொத்தமா கழட்டுங்க மேஸ்திரி. புதுசு நாலும் ஒண்ணா ஏறணும். அப்பத்தான் நல்லது" என்றார்.

பிக்கப் வண்டி அவருடையது. ஊரில் இருக்கிற ஒரே மோட்டார் வண்டியும் அதுதான். தக்காளி ஏற்றித் திண்டுக்கல்லுக்குப் போய்வந்து, எந்நேரமும் மண்ணும் சேறுமாக நிற்கும். அதற்குப் போய் அலுமினியச் சக்கரம். கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குக் கிளம்பும்போது விட்டுப்போன காரில் கழற்றியதாம். நாலையும் சாக்கில் கட்டித் தொழுவத்துச் சுவரில் சாத்தி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் சூடம், குங்குமம், சக்கரத்துக்கு ஒன்றாக நசுக்க எலுமிச்சம்பழங்கள்.

அறுபது வயதில் இந்த ஆளுக்கு வந்த மாப்பிள்ளை முறுக்கைப் பார் என்று பவுல்ராஜ் உள்ளூரச் சிரித்துக்கொண்டான். விடிந்தும் விடியாமல் ஆளனுப்பி டவுனிலிருந்து அவனைக் கையோடு கூட்டிவந்திருந்தார். ஆசைப்பட்ட மனுஷன், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கருங்கல்லை அண்டக் கொடுத்தான். கழற்றிய இரும்புச் சக்கரங்களைப் பண்ணையாள் வீரன் ஒவ்வொன்றாகத் தொழுவத்துக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போனான்.

தோப்புக்கு அந்தப்புறமிருந்து விட்டுவிட்டு ஒரு முனகல் கேட்டது.

"தலையீத்து மாடு. கன்னு போட முக்குது" என்றார் மலைச்சாமி, கேட்காமலே.

கடைசிச் சக்கரமும் கழன்று வண்டி கல்லின்மேல் உட்கார்ந்தபோது தோப்பு வழியாக ஒருவன் ஓடிவந்தான். மலைச்சாமியின் செத்துப்போன அண்ணனுக்கு மைத்துனன், சோலைமுத்து. அண்ணன் போகும்போது அவர் இளைய தாரம் சுந்தரம்மாள் முழுகாமல் இருந்தாள். வயிற்றில் இருப்பது ஆணாகப் பிறந்தால் தோட்டத்தில் சரிபாதி அதற்குத்தான் என்று, பஸ்ஸில் வரும்போதே வீரன் ஊர்க்கதையோடு கதையாகப் பவுல்ராஜிடம் சொல்லியிருந்தான்.

"மச்சான், பிள்ள குறுக்க கெடக்குதாம். மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. வண்டிய எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

மலைச்சாமி தலையில் கையை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

"இப்பத்தானய்யா நாலையும் கழட்டுனோம். மதினிக்கு இப்படின்னு தெரிஞ்சிருந்தா வண்டியில கை வச்சிருப்பனா மாப்ள?"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

பவுல்ராஜ் பேசிக்கொண்டு நிற்கவில்லை. ஒரு சாக்கை அவிழ்த்து, புதுச் சக்கரத்தைத் தூக்கிவந்து முன்பக்கம் பொருத்தினான். உட்காரவில்லை. திருப்பி வைத்தான். அப்போதும் உட்காரவில்லை. பிறகுதான் எண்ணிப் பார்த்தான். வண்டியில் ஆறு போல்ட்டு, சக்கரத்தில் ஐந்தே துளை. மற்ற மூன்றும் அப்படித்தான் இருந்தன.

"பழசையே மாட்டிர்றேன் மொதலாளி. செத்த நேரத்துல முடிச்சிருவேன்."

"அது எங்க இருக்கு? அய்யலூர்க்காரன் வெல பேசியிருந்தான். கழட்டக் கழட்ட வீரன் கொண்டுபோய் அவன் வண்டியில ஏத்திட்டான். இந்நேரம் மெயின்ரோட்டத் தாண்டியிருப்பான்."

வீரன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

காலை பஸ்ஸும் போய்விட்டது. சோலைமுத்து திரும்பி ஓடி மாட்டுவண்டியைப் பூட்டினான். வைக்கோலைப் பரப்பிச் சுந்தரம்மாளைக் கிடத்திக்கொண்டு வந்தார்கள். மலைச்சாமி வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து அவள் தலைக்குக் கீழே வைத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடுவிக்க அவருக்குச் சற்று நேரமாயிற்று.

"பள்ளம் பாத்து மெதுவா ஓட்டுங்கடா" என்று வண்டிக்குப் பின்னால் குரல் கொடுத்தார்.

அவள் மறுபடி முனகினாள். காலையிலிருந்து பவுல்ராஜ் கேட்டுக்கொண்டிருந்த மாடு அதுதான்.

மலைச்சாமி திரும்பி வந்தார். தட்டிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்து வீரனிடம் கொடுத்தார்.

"மேஸ்திரி வெயில்ல கெடந்து கஷ்டப்படுறாரு. பிழிஞ்சு சீனி போட்டுக் கொண்டா. அப்படியே பம்புசெட்டு ரூம்ல கெடக்குறதையும் உருட்டியாந்துரு."

வீரன் சர்பத்தைக் கொடுத்துவிட்டுப் போய், நாலு இரும்புச் சக்கரங்களையும் ஒவ்வொன்றாக உருட்டிவந்து பவுல்ராஜின் முன்னால் போட்டான். பவுல்ராஜ் தம்ளரைக் கீழே வைத்தான்.

"வித்தாச்சுன்னீங்களே மொதலாளி."

மலைச்சாமி கல்லில் உட்கார்ந்து, வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவினார்.

"மாட்டிருங்க மேஸ்திரி. சாயங்காலம் நாலு ஊருக்கு எழவு சொல்லப் போகணும்."

மாட்டுவண்டி அப்போதுதான் கண்மாய்க்கரை ஏறிக்கொண்டிருந்தது. சுந்தரம்மாளின் குரல் இங்குவரை கேட்டது.