பிரித்தால் நாலே துண்டு

மருத்துவமனை மூன்றாவது முறையாகத் தரையில் விழுந்தது. இரண்டு கைகளாலும் அதைத் தலைக்கு மேல் தூக்கி, ஈவிரக்கமில்லாமல் போட்டவர் ஒரு டாக்டர்.

“பார்த்தீங்களா? நாலே துண்டு” என்றது செல்போன் திரையிலிருந்து அந்தப் பெண்குரல். கேமரா கீழே இறங்கி ஒவ்வொரு துண்டாக நெருங்கிக் காட்டியது. மாடி, தரைத்தளம், வாசல், லிஃப்ட். “கட்டை விளையாட்டுன்னா, விழுந்தா சிதறணும். சிதறினதை வெச்சு வேற ஏதாவது கட்டணும். இது உடைஞ்சாலும் ஆஸ்பத்திரிதான்.”

வக்கீல் வீடியோவை நிறுத்திவிட்டு எதிரில் இருந்தவரைப் பார்த்தார். அதே குரலுக்குச் சொந்தக்காரர், குழந்தைகளுக்கான பல் மருத்துவர், கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். வீடியோவில் முகக்கவசம் போட்டிருந்தாலும் பின்னாலிருந்த கிளினிக் பலகை தெளிவாகத் தெரிந்தது. ஒளிந்துகொள்ளும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த மருத்துவமனைப் பெட்டியைத் தயாரித்த பொம்மைக் கம்பெனியில் வக்கீல் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வீடியோ ஊரெல்லாம் பரவி, கடைக்காரர்கள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கியதும், முதலாளி முதல் வேலையாக அவரை இங்கே அனுப்பியிருந்தார். வீடியோவை எடுத்துவிட வேண்டும், வருத்தம் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு.

டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் சொன்னதில் எது பொய் என்று மட்டும் கேட்டார்.

பொய் என்று சொல்லவில்லை, அபிப்பிராயத்தைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம் என்றார் வக்கீல். பெரிய துண்டுகளாக இருந்தால் சீக்கிரம் கட்டி முடிக்கலாம், இந்தக் காலத்துப் பெற்றோருக்கு நேரம் இல்லை என்று கம்பெனியில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார்.

“கட்டப்போறது பெத்தவங்களா, குழந்தையா?” என்றார் டாக்டர். “சின்னச் சின்னக் கட்டையாத்தான் சார் இது முதல்ல இருந்தது. செலவு குறையும்னு சுவரு, ஜன்னல், படிக்கட்டு எல்லாத்தையும் ஒரே அச்சுல வார்க்கச் சொல்லிட்டாங்க. படத்தைக் கட்டை மேலேயே அச்சடிக்காம ஸ்டிக்கரைக் குடுத்துட்டாங்க. அதைக் குழந்தை கோணலா ஒட்டிட்டு அழும். அப்புறம் அப்பா உட்கார்ந்து ஒட்டணும்.”

வக்கீலுக்குச் சுருக்கென்றது. போன வாரம் மகளுக்காக ஒரு பெட்டி வாங்கிப் போய், நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டியதே அவர்தான். மகள் ஒரு தடவை லிஃப்டைத் தள்ளிப் பார்த்தாள். அது நகராது என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அது அலமாரியில்தான் நிற்கிறது.

இதையெல்லாம் வெளியில் சொல்ல முடியுமா? வாங்குகிற சம்பளம் நினைவுக்கு வர, குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். கம்பெனி சும்மா விடாது, கோர்ட்டுக்கும் கிளினிக்குக்குமாக அலைய வேண்டியிருக்கும், பேர் கெடும் என்று அடுக்கினார்.

டாக்டர் மசியவில்லை. எழுந்து போய் அறைக் கதவைத் திறந்து காட்டினார். வெளியே காத்திருந்த குழந்தைகள் கூடையைக் கவிழ்த்துப் பழைய கட்டைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தன. கன்னம் வீங்கிய ஒரு சிறுமி, வலியை மறந்து, பஸ்ஸுக்கு இறக்கை வைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியின் மருத்துவமனை ஜன்னலோரம் முழுசாக இருந்தது. அதன் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

“இங்க வர்றதெல்லாம் பயந்துகிட்டு வர்ற குழந்தைங்க. கையில ஏதாவது உருவாகிட்டிருந்தா பயம் தெரியாது. அதுக்கு உதவாததை உதவாதுன்னுதான் சொல்வேன். நாளைக்கே இன்னொரு வீடியோ வரும். உங்க கம்பெனியோட தீயணைப்பு நிலையமும் இதே லட்சணம்தான்.”

வக்கீல் கையைப் பிசைந்தார். மிரட்டல் எடுபடவில்லை, கெஞ்சலும் எடுபடாது. கடைசியாக ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதை அவர் தந்திரமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே மனம் இளகித்தான் சொன்னார்.

“மேடம், கம்பெனியை விடுங்க. இதை டிசைன் பண்ண மனுஷனைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ராப்பகலா உழைச்சவராம். யாரோடயும் அதிகமா பேச மாட்டார். உங்க வீடியோ வந்ததுலேருந்து ஆபீஸ்ல எல்லாரும் அவரைத்தான் ஒரு மாதிரி பார்க்கறாங்க. முதலாளி எல்லார் முன்னாடியும் கிழிச்சுத் தொங்கவிட்டார். அந்த மனுஷன் தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் வீட்டுல என்ன நிலைமையோ? ஒரு குடும்பத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்கு?”

டாக்டரின் முகம் முதல்முறையாக மாறியது. கண்ணோரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். அப்பாடா, கல் கரைந்துவிட்டது என்று நினைத்த வக்கீல், மன்னிப்புக் கடிதத்தையும் பேனாவையும் மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார்.

டாக்டர் கடிதத்தைத் தொடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வழக்குப் போடும்போது அந்த டிசைன் பண்ணவர் பேரையும் சேர்த்துக்கோங்க சார். கேமரா பிடிச்சது அவர்தான். என் வீட்டுக்காரர்.”