பலவேசத்தின் கிணறு

போருக்காகத் தேரிக்காட்டில் விமானத்தளம் போட வந்த துரை, பலவேசத்தின் குடிசையைக் கொளுத்தச் சொன்னான். அந்தச் செம்மணலில் இருந்த ஒரே கிணற்றுக்கும் காவல் போட்டான். தண்ணீருக்காக நான்கு மைல் நடந்த பலவேசத்தின் நிறைமாத மனைவி, வெயிலில் சுருண்டு விழுந்து செத்தாள். எட்டாம் நாள், அதே கிணற்றைத் தூர்க்கும் கூலிவேலை அவனுக்கே கிடைத்தது.

“கல்லு போட்டுக் கெட்டியாத் தூத்தியாடே?” என்றார் மேஸ்திரி.

“யானை நடந்தாலும் எறங்காதுய்யா.”

ஒரு கல்கூடப் போடவில்லை. கிணற்று வாயில் பனங்கட்டைகளைப் பரப்பி, மேலே மண்ணைத் தள்ளி, அவனே மிதித்துச் சமன்செய்தான். அதன்மேல் ஓடுபாதை நீண்டது. சின்ன விமானங்களைக் கட்டைகள் தாங்கின. விமானம் தரைதொட வேண்டிய இடத்தில் கொடி பிடிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். கட்டைகளைக் கறையான் தின்னட்டும் என்று இரண்டு மழைக்காலம் பொறுத்தான்.

ஒரு மத்தியானம், துரை ஏறிவருவதாக மேஸ்திரி சொல்லியிருந்த பெரிய குண்டுவிமானம் வானில் தெரிந்தது. பலவேசம் வழக்கமான இடத்தை விட்டு நடந்து, கிணற்றின் மேலேயே போய் நின்று கொடியை விரித்தான். குதிகாலுக்கடியில் மண் மெல்ல உள்வாங்கியது. அவன் நகரவில்லை.

“வாங்க தொர,” என்றான், “தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”