எண்பது சதுர அடி

வேலூரில் மழை பெய்து பதினோரு வருடம் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பூங்காவனம் தன் அம்பாசிடருக்குப் புது வைப்பர் மாட்டுவாள். தெருவே சிரிக்கும்.

வெயில் தாங்காமல் அரசு ஊரையே காலி செய்து, எல்லாரையும் மலைக்கு அனுப்பியது. வால்பாறை அடிவாரச் சாவடியில் அதிகாரி காரை மறித்தார்.

"மேல தலைக்கு எண்பது சதுர அடிதான்மா. வீட்டுக்கே சரியாப் போச்சு. காரை இங்கயே விட்டுடுங்க."

"காரு எத்தினி அடி வரும்?"

அளந்து பார்த்தார். "எழுபத்தெட்டு."

அரசு தனக்கு ஒதுக்கிய வீட்டின் சாவியைப் பூங்காவனம் அவர் மேசையில் திருப்பி வைத்தாள்.

"அங்க விடாத மழைம்மா! எங்க இருப்பீங்க?"

"காருக்குள்ளதான். மீதி ரெண்டு அடியில அடுப்பு வெச்சுக்கறேன்."

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மழை பிடித்தது. வைப்பரைப் போட்டாள். கண்ணாடி பளிச்சென்று துலங்கியது.

"இப்ப சிரிங்கடா!" என்று கத்திக்கொண்டே கியரை மாற்றினாள்.